மணிக்கு ஒரு டெஸ்ட்

எங்கள் மணிக்கு 11 வயசு. பத்து நாளாக அண்டா தண்ணீர் குடித்துவிட்டு, தெருவில் ஒரு கம்பம் விடாமல் நனைத்துக்கொண்டிருந்தான். ரத்த ரிப்போர்ட் நார்மல். 'அப்பாடா' என்றேன். வெட்னரி டாக்டர் விடவில்லை.

''கிரியேட்டினின் ஏறணும்னா முக்கால்வாசி கிட்னி போயிருக்கணும் சார். யூரின் பிடிச்சுட்டு வாங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள!''

மறுநாள் விடிகாலை, கையில் கரண்டியுடன் குனிந்தபடி நாய் பின்னால் ஓடினேன். காலைத் தூக்குவான், கரண்டியைப் பார்த்ததும் இறக்கிவிடுவான். ''என்ன சார், இடுப்பு வலியா?'' என்றார் பால்காரர். ஏழாவது கம்பத்தில் கிடைத்தது, இரண்டு ஸ்பூன்.

அதைச் சுழலவிட்டு, அடியில் தங்கியதை மைக்ராஸ்கோப்பில் காட்டினார். குட்டிக் குட்டி உருளைகள். 'காஸ்ட்' என்று பெயராம். கிட்னியின் நுண்குழாய்க்குள் அச்சு வார்த்த மாதிரி உறைந்து, உதிர்ந்து வருபவை. ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. கூட்டமாக வந்தால் உள்ளே தகராறு. ஆறப்போட்டால் சிதைந்துவிடும், அதற்குத்தான் அந்த அவசரம்.

மணியுடையது கூட்டம். ''நல்லவேளை, இப்பவே வந்தீங்க'' என்று மருந்தும் பத்தியமும் எழுதினார்.

வீட்டில் சொன்னதும் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. மணியைத் தடவிக்கொடுத்தவள், சட்டென்று நிமிர்ந்தாள்.

''ஏங்க, காலைலேர்ந்து ரசக் கரண்டியைக் காணோமே?''