இரண்டு பேருக்கு ஒரு வான்கோழி

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வட்டத்தில் ஒரு பேச்சு தவறாமல் அடிபடும். "ரெண்டு பேருக்கு எதுக்கு சார் இவ்வளவு சமையல்? ரெண்டு பிரியாணிய வரவழைச்சா முடிஞ்சுது." சொல்பவர்கள் எல்லாம் என்னைப் போலவே கல்பாக்கத்தில் முப்பது முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து, அணுபுரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, ஊரை விட்டுப் போக மனமில்லாமல் திருக்கழுக்குன்றம் சாலைப் பக்கமாகவே வீடு பார்த்துக்கொண்டவர்கள். பிள்ளைகள் பெங்களூரில், டெக்சாஸில், மெல்போர்னில். வீட்டில் மிச்சம் கணவன், மனைவி, இரண்டு மாத்திரை டப்பா. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இதே பேச்சுதான். நான் கிறிஸ்தவன் என்பதால் கிறிஸ்துமஸை வைத்துச் சொல்கிறேன். மற்றவர்கள் அந்த இடத்தில் தங்கள் பண்டிகையைப் போட்டுக்கொள்ளலாம்.

என் கட்சி இதுதான்: இரண்டே பேர் என்றாலும் பண்டிகைச் சாப்பாடு வீட்டு அடுப்பில்தான் ஆகவேண்டும். அதுவும் வான்கோழியாகவே இருக்கட்டும்.

வான்கோழி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நவம்பர் நான்காம் வியாழக்கிழமை அமெரிக்காவில் நன்றி தெரிவிக்கும் நாள். என் மகளும் மருமகனும் அங்கே இரண்டே பேர். முழுப் பறவை வாங்காமல் நெஞ்சுக்கறி மட்டும் ஒரு துண்டு வாங்கி அவனில் வேகவைத்து, தட்டில் வைத்துப் படம் அனுப்பினாள். கூடவே ஒரு கேள்வி: "நாங்களும் ரெண்டு பேர்தான் செய்றோம். உங்களுக்கு மட்டும் என்னப்பா?" என் மனைவி படத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கு ஆனைய அடிக்கச் சொல்றா உங்க மக" என்றாள். பெட்டை வான்கோழியே நாலைந்து கிலோ தேறும். சேவல் அதற்கும் மேலே. ஆனை என்பது கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் கவலை நியாயமானது.

பறவை பெரிது, குடும்பம் சிறிது என்கிற இந்தச் சிக்கல் அமெரிக்காவுக்கு 1930-களிலேயே வந்துவிட்டது. குடும்பங்கள் சுருங்கின, ஜனங்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள், அவனும் குளிர்பெட்டியும் சின்னதாயின. மேரிலாண்டில் பெல்ட்ஸ்வில் என்ற இடத்தில் அரசாங்க ஆராய்ச்சி நிலையம் ஒன்று 1934-ல் வேலையை ஆரம்பித்து, 1940-களில் ஒரு குட்டி வான்கோழியை விட்டது. பெல்ட்ஸ்வில் சிறிய வெள்ளை என்று பெயர். கொஞ்ச காலம் அங்கே நன்றாக ஓடி, பிறகு பெரிய நெஞ்சுள்ள வெள்ளை இனத்தின் முன் நிற்க முடியாமல் ஒதுங்கிப் போனது. அந்தக் குட்டி இனத்துக்கும் நம்மூர்க் கறுப்பு நாட்டு வான்கோழிக்கும் ஒட்டு சேர்த்து நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் உருவாக்கியதுதான் நந்தனம் வான்கோழி-1. ஆக, சின்னக் குடும்பத்துக்கென்று அமெரிக்கா பிறப்பித்த பறவையின் ரத்தம் நம் ஊர்க் கொல்லையிலும் ஓடுகிறது. இதை நான் சொன்னபோது நண்பர் ஒருவர், "அப்ப இதுவும் டெக்னாலஜி டிரான்ஸ்ஃபர்தான்" என்றார். துறைக்காரர் புத்தி!

வான்கோழியை வெள்ளைக்காரன் சாப்பாடு என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்கக் கண்டத்துப் பறவை என்பது உண்மைதான். ஆனால் 1612-லேயே அது கோவா வழியாக ஜஹாங்கீர் அரண்மனைக்கு வந்து, ஓவியர் மன்சூர் அதைப் படமாக வரைந்துவிட்டார். ஆங்கிலத்தில் அதற்குத் துருக்கியின் பெயர், துருக்கியிலோ அதற்கு ஹிந்தி என்று பெயர், அதாவது இந்தியப் பறவை. ஆளுக்கு ஆள் அடுத்த நாட்டின் தலையில் கட்டிவிட்டார்கள். மூதுரையில் மயிலைப் பார்த்து ஆடிய வான்கோழி இதே பறவைதானா என்பதைத் தமிழாசிரியர்களிடம் விட்டுவிடுகிறேன்.

சிக்கலுக்கு வருவோம். அமெரிக்கா பறவையைச் சுருக்கிப் பார்த்தது. நம்மிடம் அதற்கு முன்பே ஒரு வழி இருந்தது, அதன் பெயர் கூறு. என் சொந்த ஊர் நெல்லைச் சீமை. பண்டிகைக்கு நாலைந்து வீடு சேர்ந்து ஒரு ஆட்டை வாங்கி அடிப்பார்கள். தேக்கிலையில் கறியைக் கூறு கூறாக வைக்கும்போது நெஞ்சு, தொடை, ஈரல், எலும்பு எல்லாம் ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் விழவேண்டும். பிறகு ஒருவர் முதுகைக் காட்டி நின்றுகொள்ள, இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்பார். திரும்பிப் பார்க்காமல் ஒரு வீட்டுப் பெயரைச் சொல்வார் அவர். சண்டைக்கு இடமே இல்லை. குலுக்கலுக்குச் சீட்டுகூட வேண்டாம்.

வான்கோழிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். உயிரோடு ஐந்து கிலோ இருக்கும் பெட்டை, சுத்தம் செய்தால் நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஆறு வீடு சேர்ந்தால் வீட்டுக்கு அறுநூறு கிராமுக்கு மேல். அறுபதைத் தாண்டிய இருவருக்கு மத்தியானமும் ராத்திரியும் அது தாராளம். நெஞ்சுக்கறியில் நூறு கிராமுக்கு இருபத்துநாலு கிராம் அளவுக்குப் புரதம், தோலை எடுத்துவிட்டால் கொழுப்பும் மிகக் குறைவு. டாக்டர் முகத்தைச் சுளிக்க மாட்டார்.

கடையில் உறைய வைத்த முழுப் பறவை கிடைக்கிறதே என்பார்கள். இரண்டு பேருக்கு அது ஆகாது. இரண்டு கிலோ எடைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் ஃபிரிட்ஜுக்குள் வைத்துத்தான் உறைவு நீக்கவேண்டும். நாலு கிலோப் பறவை இரண்டு நாள் தட்டை அடைத்துக்கொள்ளும், இட்லி மாவுக்கு இடம் இருக்காது. சமைத்த பிறகும் மூன்று நாலு நாளுக்குள் தின்று தீர்க்கவேண்டும். அதை விட நம் கடற்கரைக்கு டிசம்பர் என்பது புயல் மாதம். 2016-ல் வர்தா வந்தது டிசம்பர் 12-ம் தேதி. கரண்ட் இல்லாமல் ஃபிரிட்ஜில் இருந்ததையெல்லாம் கொட்டிக் கழுவியது ஞாபகம் இருக்கும். அன்றைக்கு வாங்கி அன்றைக்கே ஆக்கிவிடுவதுதான் இந்தப் பக்கத்துக்குச் சரி.

இப்போது "ரெண்டு பேருக்கு எதுக்கு" என்ற பேச்சின் அடிவேருக்கு வருகிறேன். யோசித்துப் பார்த்தால் நாம் எந்தக் காலத்திலும் வீட்டு ஆட்களின் எண்ணிக்கையை வைத்துப் பண்டிகைக்குச் சமைத்ததில்லை. குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டில் நாலு பேர். அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் சுட்டது நாற்பது பேருக்கு. எதிர்வீட்டு மலையாளி, மாடிவீட்டு வங்காளி, பக்கத்தில் ஆந்திராக்காரர், பின்பக்கம் ஐயர் வீடு. தட்டு போகும், தட்டு வரும். ஐயர் வீட்டுக்குக் கேக் கொடுத்தால் முட்டை இல்லாததா என்று கேட்கவேண்டும், அதற்கென்றே என் மனைவி தனியாக ஒன்று செய்வாள். போன தட்டு வெறுமையாகத் திரும்பாது, குறைந்தது ஒரு கைப்பிடி சர்க்கரையாவது இருக்கும். ஓய்வு பெற்று வெளியே வந்ததும் அந்தத் தட்டுதான் நின்றுபோனது. சமையலை நிறுத்திவிட்டு வயதைக் காரணம் சொல்கிறோம். முழங்கால் வலியும் சர்க்கரையும் நிஜம்தான், ஆனால் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லாமல் போனதுதான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கூறு போட்டால் அந்த ஆட்கள் திரும்பக் கிடைக்கிறார்கள். கறி வாங்க வருகிறவர் கால் மணி நேரமாவது உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்.

"பசங்க வரும்போது சேர்த்து வச்சுக்கலாம்" என்பது இன்னொரு சமாதானம். இதை மட்டும் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை. எங்கள் பக்கத்தில் டிசம்பர் 25-ஐ நினைத்தால் மறுநாளும் கூடவே வரும். 2004-ல் அந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் கடல் கல்பாக்கம் நகரியத்துக்குள் வந்தது. முந்தின நாள் எங்களோடு தட்டு மாற்றிக்கொண்ட ஒரு வீட்டின் பாத்திரம் எங்கள் அடுப்படியில் கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தது. திருப்பிக் கொடுக்க அந்த வீட்டில் யாரும் இல்லை. பாத்திரம் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. என் மனைவி அதில் எதுவும் வைக்க மாட்டாள், பரணிலும் போடமாட்டாள்.

சமையலுக்குப் போவோம். கொஞ்சமாகச் சமைப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் சமைத்துப் பார்க்காதவர்கள். பத்துப் பேர் அளவை ஐந்தால் வகுத்தால் இரண்டு பேர் பிரியாணி வராது. சின்னப் பாத்திரத்தில் உள்ளே இருப்பதற்கு வெளிப்பரப்பு அதிகம். தண்ணீர் விகிதத்துக்கு மேல் ஆவியாகும், சூடும் சீக்கிரம் இறங்கும். நம் ஆட்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 1985-ல் கிரிட்டிகல் ஆன நம்முடைய எஃப்.பி.டி.ஆர். குட்டி உலை. உள்ளம் சிறியது, நியூட்ரான் கசிவு அதிகம், அதனால்தான் ஆரம்ப எரிபொருளில் எழுபது சதவீதம் புளூட்டோனியம் கார்பைடு வைக்கவேண்டி வந்தது. பெரிய உலைக்கு அதில் பாதிகூட வேண்டாம். அடுப்படியிலும் அதே கதை. சின்னப் பானைக்கு மசாலா ஒரு சிட்டிகை தூக்கலாக இருக்கவேண்டும், தண்ணீரும் கால் டம்ளர் கூட. கிராம்பு மட்டும் ஒன்றே ஒன்று. அதைக் கால் பங்காக்க முடியாது.

எங்கள் வீட்டு முறை இது. கூறில் வந்த தொடையும் எலும்பும் குழம்புக்கு, நெஞ்சுத் துண்டு வறுவலுக்கு. மல்லி, மிளகாய், மிளகு, சோம்பு, நாலு சின்ன வெங்காயம், ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், எல்லாவற்றையும் வறுத்து அம்மியில் அரைத்தால் உத்தமம், மிக்ஸி என்றாலும் குற்றமில்லை. வான்கோழிக் கறி பிராய்லர் மாதிரி கரையாது. முற்றிய பறவை என்றால் குக்கரில் ஆறேழு விசில் விடவேண்டும். நம் பல்லுக்கு அதுதான் நல்லது. தொடைக்கறிக்கு ருசி அதிகம், நேரம் அதிகமானாலும் கெடாது. நெஞ்சுக்கறி அப்படி இல்லை. கொஞ்சம் அசந்தால் தேங்காய் நார் ஆகிவிடும். விரல் கனத்துக்கு நறுக்கி, தயிர், இஞ்சி பூண்டு, மிளகுத்தூள் பிரட்டி ஒரு மணி நேரம் ஊறவைத்து, இரும்புச் சட்டியில் மூடி போட்டுச் சின்னத் தீயில் வேகவைத்து, கடைசியில் திறந்து வறட்டவேண்டும். மகள் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி அனுப்பியிருக்கிறாள், கறியின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் காட்டவேண்டுமாம். நான் குத்திப் பார்க்கிறேன். என் மனைவி நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறாள். இதுவரை இருவரும் ஒத்துத்தான் போகிறோம். ஒரு ஆழாக்கு சீரக சம்பா, ஒரு வெள்ளரிக்காய்ப் பச்சடி. காலை ஆராதனை முடிந்து வந்து இரண்டு பேரும் கை போட்டால் ஒன்றரை மணி நேர வேலை.

ஆர்டர் பிரியாணியை நான் பழிக்கவில்லை. மற்ற நாளில் நானும் வரவழைக்கிறவன்தான். ஆனால் அது வந்து இறங்கும்வரை வீட்டில் ஒரு வாசனையும் இருக்காது. பிரித்தவுடன் சாப்பாடு, சாப்பிட்டவுடன் டப்பா குப்பைக்கு. இருபது நிமிஷத்தில் பண்டிகை முடிந்து டிவியைப் போட்டுவிடுகிறோம். வெங்காயம் உரிக்கும்போதும் தேங்காய் துருவும்போதும் நாங்கள் பேசுகிற பேச்சை வேறு எந்த நாளிலும் பேசுவதில்லை.

சாப்பிட்ட பிறகு மிச்சத்தை மேசையில் மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போகவேண்டும். எலும்பை மட்டும் ஒதுக்கிவைத்து, மறுநாள் காலை மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு ரசம் மாதிரி சூப் வைத்தால் மார்கழிச் சளிக்கு நல்லது.

இந்த வருஷம் திருக்கழுக்குன்றம் பக்கத்தில் வளர்க்கிற ஒருவரிடம் ஒரு பெட்டைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். 24-ம் தேதி காலையில் சுத்தம் செய்து வெட்டிக் கொடுப்பார். ஆறு கூறில் நாலுக்கு ஆள் சேர்ந்துவிட்டது. அதில் இரண்டு பேர் கிறிஸ்தவர்கள் இல்லை, ஒருவர் வான்கோழியே இதுவரை தின்றதில்லை. இரண்டு கூறு பாக்கி இருக்கிறது. வேண்டுமென்பவர்கள் 20-ம் தேதிக்குள் சொல்லிவிடுங்கள். வரும்போது பாத்திரம் கொண்டுவாருங்கள், பிளாஸ்டிக் பையில் கொடுக்கமாட்டேன்.