சாதாரண எழுத்தே போதும்

ஓசூர் மோரனப்பள்ளிப் பக்கம் சிஎன்சி ஜாப் ஒர்க் தொடங்கப்போகும் ஒரு தம்பி, தன் கம்பெனி லோகோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்டார். முதல் எழுத்துக்குள் ஒரு பல்சக்கரம், கடைசி எழுத்தின் வாலில் தீப்பொறி, எல்லாவற்றின் மேலும் வெள்ளிப் பூச்சு. எழுத்து கொஞ்சம் சாதாரணமாக இருந்தால் நல்லது என்றேன். "சாதாரண ஃபான்ட்டுல போட்டா சின்னக் கம்பெனின்னு நினைச்சுடுவாங்களேண்ணே" என்றார்.

இந்தப் பயம் அவருக்கு மட்டும் இருப்பதல்ல. ஓசூரில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் போன்ற பெரிய ஆலைகளைச் சுற்றி வளர்ந்த சிறு பட்டறைகளின் பெயர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போனால் தெரியும். தனித்துத் தெரியவேண்டும் என்று ஒவ்வொருவரும் எழுத்தை வளைத்திருக்கிறார்கள். வளைத்த எழுத்துகள் வரிசையாக நிற்கும்போது எந்தப் பெயரும் மனதில் நிற்பதில்லை.

பட்டறை லோகோ கம்ப்யூட்டர் திரையில் வாழப்போவதில்லை. டெலிவரி சலானின் மூலையில், ரப்பர் ஸ்டாம்பில், லேசரில் மார்க் செய்த உதிரிபாகத்தின் மேல் சில மில்லிமீட்டர் உயரத்தில் அது வாழவேண்டும். அந்த அளவில் பல்சக்கரம் வெறும் கறையாகிவிடும். வெறும் எழுத்து எழுத்தாகவே இருக்கும்.

ஐடிஐயிலோ பாலிடெக்னிக்கிலோ படித்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதே இல்லை. இன்ஜினியரிங் டிராயிங் வகுப்பில் முதலில் பழகியதே அலங்காரமற்ற எழுத்துதான். ஐஎஸ்ஓ 3098 தரப்படி எழுத்தின் உயரம் 2.5, 3.5, 5, 7, 10 மில்லிமீட்டர் என்று படிப்படியாக ஏறும். கோட்டின் தடிமன் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு, அல்லது பதினான்கில் ஒரு பங்கு. 3 என்ற எண் 8 ஆகத் தெரிந்தால் அறுத்த இரும்பு குப்பைக்குப் போகும் என்பதால் வந்த கட்டுப்பாடு அது. நாள் முழுக்க அந்த எழுத்தை நம்பித்தான் இந்த ஊர் வேலை செய்கிறது. வாசலில் பெயர் எழுதும்போது மட்டும் அதன்மேல் ஏன் நம்பிக்கை போய்விடுகிறது?

ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி நோக்கி ஓடும் வண்டிகளின் எண் பலகைகளையும் பாருங்கள். டிஎன் 70 ஓசூர், டிஎன் 24 கிருஷ்ணகிரி, அடுத்து கேஏ வண்டிகள். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், கார், லாரிகளின் பலகையில் எழுத்து 65 மில்லிமீட்டர் உயரம், 10 மில்லிமீட்டர் தடிமன், இடையில் 10 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கவேண்டும் என்கின்றன. எழுத்தைப் போலவே இடைவெளிக்கும் அளவு சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். தூரத்திலிருந்து படிக்கவைப்பதில் பாதி வேலை அந்த வெற்றிடத்துடையது.

உலகத்தின் பெரிய கம்பெனிகளும் இதை அறிந்தே செய்தன. 1957இல் சுவிட்சர்லாந்தில் மாக்ஸ் மீடிங்கர் வரைந்த எழுத்துரு, 1960இல் ஹெல்வெட்டிகா என்று பெயர் பெற்றது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1967 முதல் 2013 வரை அதில்தான் தன் பெயரை எழுதியது. லுஃப்தான்சாவும் அதே எழுத்துருவை வைத்திருந்தது. எழுத்து ஒன்று என்பதற்காக ஒரு விமானத்தை இன்னொன்றாக நினைத்து யாரும் ஏறவில்லை. நிறமும், இடைவெளியும், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதும் ஒழுங்கும் சேர்ந்துதான் அடையாளத்தை உண்டாக்கின.

என் உண்மையான மனக்குறை தமிழைப் பற்றியது. இங்கிலீஷ் பெயருக்கு நல்ல தடித்த எழுத்தைத் தேடிப் பிடிக்கிற டிசைனர், தமிழுக்கு வரும்போது கையில் கிடைத்த ஃபான்ட்டைப் போடுகிறார். 'பிரிசிஷன் இண்டஸ்ட்ரீஸ்' என்று எழுதினால் நீளும். கோரல்டிராவில் பக்கவாட்டில் அமுக்கி இடத்துக்குள் அடைத்துவிடுகிறார். அமுக்கிய எழுத்தில் நிற்கும் கோடு மெலியும், கிடைக்கோடு மட்டும் தடிப்பாகத் தெரியும், சுழிகள் அடைத்துக்கொள்ளும். னகரத்துக்கும் ணகரத்துக்கும் ஒரு சுழிதானே வித்தியாசம்? சாலைக்கு எதிர்ப்புறம் நின்றால் அந்தச் சுழி போய்விடுகிறது, புள்ளியும் போய்விடுகிறது.

பலகையில் தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2 என்ற விகிதத்தில் இடம் தரவேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகம் 2024இல் சட்டத்தைத் திருத்தி, பலகையில் 60 சதவீதம் கன்னடம் என்று ஆக்கியிருக்கிறது. இரண்டும் பரப்பளவைத்தான் சொல்கின்றன. பலகையில் பாதியை அடைத்துக்கொண்டும் படிக்கமுடியாமல் கிடக்கிற தமிழை விதி பிடிக்காது. அதைச் சரிசெய்ய வேண்டியவர் பலகைக்குப் பணம் கொடுப்பவர்தான். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது புழங்கும் ஊர் இது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வருகிறவர்கள் எழுத்துக் கூட்டித்தான் முகவரி தேடுகிறார்கள். அவர்களுக்கு எந்த மொழியும் நேராக நிற்கவேண்டும்.

நல்ல எழுத்துருவுக்குச் செலவும் இல்லை. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரான், எக் டைப்பின் முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகிய மூன்றும் இலவசம். மூன்றிலும் மெலிந்ததிலிருந்து தடித்தது வரை பல கனங்கள் உண்டு. முதல் இரண்டிலும் தமிழும் ஆங்கிலமும் ஒன்றோடொன்று பொருந்தும்படி வரையப்பட்டிருக்கின்றன.

அடுத்து ஏசிபி போர்டோ ஃப்ளெக்ஸோ போடும்போது டிசைனர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். தமிழை இழுக்கவோ அமுக்கவோ வேண்டாம், நீளமாக இருந்தால் இரண்டு வரியாகப் போடுங்கள் என்று சொல்லுங்கள். இரண்டு மொழிக்கும் ஒரே கனம் கேளுங்கள். பெயரை நிஜ அளவில் தாளில் அடித்துச் சுவரில் ஒட்டி, சாலையைக் கடந்து போய் நின்று படித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.