அடைக்கு முன்பே மடியும் முளையங்கள்

பொருளாதார நெருக்கடியின் விளைவாக 2022ஆம் ஆண்டில் கோழித் தீவனத்திற்குத் தட்டுப்பாடு நிலவியதும், 2023ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து முட்டைகளை இறக்குமதி செய்யும் நிலைக்கு நாடு தள்ளப்பட்டதும் எவரும் மறந்துவிடக்கூடியவையல்ல. முட்டை உற்பத்தி பற்றிப் பேசப்படும் போதெல்லாம் தீவனமும் விலையுமே முன்னிலைப்படுத்தப்படுகின்றன. ஆனால், முட்டையிடும் கோழி உருவாவதற்கு முதலில் ஒரு முட்டை பொரிக்க வேண்டும். அதற்குத் தடையாகும் வெப்பம் குறித்துப் போதிய அக்கறை காட்டப்படுவதாகத் தெரியவில்லை.

கருக்கட்டிய முட்டை இடப்படும்போதே அதனுள் உள்ள முளையம் பல்லாயிரக்கணக்கான கலங்களைக் கொண்டதாகும். சுமார் 20 பாகை செல்சியசுக்குக் கீழே அதன் வளர்ச்சி ஏறக்குறைய உறங்குநிலையில் இருக்கும். 37.5 பாகையளவில் அடைகாக்கப்படும்போது 21 நாட்களில் குஞ்சாகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையிலேயே ஆபத்து மறைந்திருக்கின்றது. 30 பாகையைத் தாண்டிய அறையில் நாட்கணக்கில் வைக்கப்படும் முட்டையில் முளையம் உறங்குவதுமில்லை, முறையாக வளர்வதுமில்லை. அரைகுறையாக வளர்ந்து வலுவிழக்கும் அது, அடைவைத்த சில நாட்களிலேயே மடிந்துவிட நேர்கின்றது.

அடைகாக்கும்போது வெப்பம் 40 பாகையைத் தாண்டி நீடித்தாலும் விளைவு விபரீதமே. முதல் இரண்டு நாட்களிலேயே மூளைக்கும் முண்ணாணுக்கும் அடிப்படையான குழாய் உருவாகத் தொடங்குகின்றது. இதயமும் துடிக்க ஆரம்பிக்கின்றது. வெப்பம் மிகும்போது கலங்கள் வழமையான பணியைக் குறைத்துப் பாதுகாப்புப் புரதங்களை உற்பத்தி செய்கின்றன. உறுப்புகள் உருவாகும் வேளையில் ஏற்படும் இத்தடங்கல் ஊனத்துக்கோ இறப்புக்கோ வழிவகுக்கலாம்.

அவுஸ்திரேலியாவின் சீப்ரா பிஞ்ச் என்னும் சிறுகுருவி, வெப்பமான நாட்களில் தன் முட்டைகளை நோக்கி விசேட ஒலி எழுப்புவதும், அதனைக் கேட்ட குஞ்சுகள் வெப்பத்திற்கேற்பத் தமது வளர்ச்சியை மட்டுப்படுத்திக் கொள்வதும் 2016இல் வெளியான ஆய்வொன்றில் தெரியவந்தது. எனினும், அது பொரிப்பதற்கு முந்திய இறுதி நாட்களுக்கே உரியது. செவிப்புலன் உருவாகாத இளம் முளையத்திற்கு அத்தகைய எச்சரிக்கை கிட்டுவதில்லை.

வடக்கு, கிழக்குக் கிராமங்களில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு வீட்டுக் கோழிகளே கைச்செலவுக்குத் துணை. தகரக் கூரையின் கீழ் சேர்த்துவைத்த முட்டைகள் பொரிக்காதபோது 'கூழ்முட்டை' என வீசப்படுகின்றன. பழியோ சேவலின் மீது சுமத்தப்படுகின்றது.

வாழ்வாதார உதவியாகக் கோழிகளை வழங்குவதோடு கடமை முடிந்துவிட்டதாக அதிகாரிகள் கருதலாகாது. வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கை விடுக்கும் நாட்களில் கோழி வளர்ப்போருக்கும் ஆலோசனைகள் சென்றடைய வேண்டும். முட்டைகளை நாள்தோறும் சேகரித்தல், குளிர்ச்சியான நிழலில் வைத்தல், ஒரு வாரத்திற்குள் அடைவைத்தல் என்பன பெருஞ்செலவை வேண்டுபவையல்ல. கோடை தொடங்குமுன்னரே அவை கிராமங்களுக்கு எடுத்துச் செல்லப்பட வேண்டியது அவசியமாகும்.