“இதுக்கு எத்தனை மார்க்கு?”

 

சுவர் இதழ் என்றால் விடுகதை, பொன்மொழி, பொது அறிவுத் துணுக்கு எல்லாம் வரும். இந்த மாதம் நான் ஒரு கருத்தை எழுத ஆசைப்பட்டேன். கருத்து இதுதான்: நாலு பேர் கிண்டல் செய்கிறார்கள் என்பதற்காக, மனசுக்குப் பிடித்த ஒரு பொழுதுபோக்கை யாரும் விட்டுவிடக் கூடாது. “இது தெரிஞ்ச சங்கதிதானே” என்று தாண்டிப் போய்விடாதீர்கள். சொல்வது சுலபம், கடைப்பிடிப்பது கஷ்டம்.

என் பொழுதுபோக்கு பறவை பார்ப்பது. சிரிச்சாச்சா? சரி, மேலே படிங்க.

காலையில் ஆறு மணிக்கு எங்க அப்பிச்சி கொடிக்காலுக்குப் போவார். கூடவே நானும் போவேன். கையில் ஒரு நோட்டு, ஒரு பென்சில். அவ்வளவுதான். பைனாகுலர் எல்லாம் கிடையாது. வெற்றிலைக் கொடி ஏறியிருக்கும் அகத்தி மரத்து உச்சியில் கரிச்சான் உட்கார்ந்திருக்கும். வாய்க்கால் ஓரத்தில் மடையானும் மீன்கொத்தியும் இருக்கும். காவிரியில் தண்ணீர் குறையும் மாதங்களில் பாறை மேலே நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காய வைக்கும். மழைக்காலம் தொடங்கினால் மஞ்சள் வாலாட்டி வரும். ரொம்ப தூரம் வடக்கே இருக்கிற குளிர் தேசத்திலிருந்து நம்ம வயலுக்கு வரும் விருந்தாளி அது. எதைப் பார்த்தேன், எத்தனை, எந்த இடம், எத்தனை மணி என்று எழுதி வைப்பேன். பேர் தெரியாவிட்டால் அப்பிச்சியைக் கேட்பேன். அவருக்கும் தெரியாவிட்டால் க. ரத்னம் எழுதிய ‘தமிழ்நாட்டுப் பறவைகள்’ புத்தகத்தை நூலகத்தில் புரட்டுவேன்.

இந்த நோட்டை வகுப்பில் ஒருத்தர் பார்த்ததிலிருந்து எனக்குப் பேரே மாறிப்போச்சு. “கொக்கு வருது, மீனை ஒளிச்சு வைங்கடா!” “இன்னைக்கு காக்கா எத்தனை பிரசென்ட், எத்தனை ஆப்சென்ட்?” “பொட்டப்புள்ளைக்கு வாய்க்கால் கரையில என்ன வேலை?” இதெல்லாம் தினமும் கேட்கிறதுதான். காதில் விழுந்து மறுகாதில் போய்விடும். ஆனால் ஒரு கேள்வி மட்டும் போகாமல் உள்ளேயே நிற்கும். அதுதான் தலைப்பில் இருக்கிற கேள்வி: “இதுக்கு எத்தனை மார்க்கு?”

நம்ம நாமக்கல் மாவட்டம் மூன்று விஷயத்துக்குப் பேர் போனது. முட்டை, லாரி, மார்க்கு! அதில் நமக்கெல்லாம் பெருமைதான். நானும் இந்த வருஷம் பொதுத்தேர்வு எழுதப் போகிறவள்தான். மார்க்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நாளில் நாம் செய்கிற எல்லா வேலைக்கும் யாரோ ஒருவர் மார்க்குப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டுப்பாடத்துக்கு மார்க்கு, கையெழுத்துக்கு மார்க்கு, விளையாட்டுக்கும் சான்றிதழ். யாரும் மார்க்குப் போடாத ஒரு வேலை, நாமாகவே விரும்பிச் செய்கிற ஒரு வேலை, ஆளுக்கு ஒன்றாவது வேண்டாமா? “எத்தனை மார்க்கு?” என்று கேட்டால் என் பதில் இதுதான்: ஒண்ணுமில்லை. அதனால்தான் செய்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இருக்கிறான். அவன் பேரும் பள்ளியும் வேண்டாம். தீப்பெட்டிப் படம் சேர்த்துக்கொண்டிருந்தான். சிவகாசி, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் பெட்டிகள். சிங்கம், சேவல், ரயில், தாமரை என்று இருநூறுக்கு மேல் ஒரு பழைய டைரியில் ஒட்டி வைத்திருந்தான். “குப்பை பொறுக்கி” என்று பேர் வைத்தார்கள். டீக்கடை வாசலில் அவன் குனிந்தாலே சிரிப்பு. ஒரு நாள் அந்த டைரியை அப்படியே வாய்க்காலில் போட்டுவிட்டான். தீப்பெட்டி விலை 2021 டிசம்பரில் ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனது நம் எல்லோருக்கும் தெரியும். அவன் டைரியில் இருந்ததில் பாதிக்கு மேல் ஒரு ரூபாய்ப் பெட்டி. இனிமேல் தேடினாலும் அந்தப் பெட்டிகளைக் கடையில் வாங்க முடியுமா? கிண்டல் செய்தவர்கள் அடுத்த வாரமே அதை மறந்துவிட்டார்கள். அவனுக்குத்தான் டைரி போனது போனதுதான். கிண்டலின் விலை இதுதான் நண்பர்களே. சிரிப்பவருக்கு அரை நிமிஷம், விட்டுவிட்டவருக்கு ஆயுசு பூராவும்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு பெரிய மனிதரின் கதையைச் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், ஆனால் கொஞ்சம் வேறு மாதிரி.

சாலிம் அலி 1896-இல் பம்பாயில் பிறந்தார். சின்னப் பையனாக இருந்தபோது ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. “இது என்ன குருவி?” என்று கேட்டுக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போனதிலிருந்துதான் அவருக்குப் பறவைப் பைத்தியம் பிடித்தது. பின்னாளில் பத்ம பூஷண், பத்ம விபூஷண் எல்லாம் வாங்கினார். நம்ம கோயம்புத்தூர்ப் பக்கம் ஆனைகட்டியில் அவர் பேரில் ஒரு பறவையியல் ஆராய்ச்சி மையமே இருக்கிறது. “பார்த்தீங்களா, பறவை பார்த்தால் விருது கிடைக்கும்” என்று கதையை இங்கே முடித்துவிடலாம். ஆனால் அது சரியான பதில் இல்லை என்பது என் கருத்து.

ஏனென்றால் 1930-ஆம் வருஷத்தைப் பாருங்கள். ஜெர்மனிக்குப் போய்ப் பறவையியல் படித்துவிட்டுத் திரும்பி வருகிறார். வந்து பார்த்தால் அவர் வேலை பார்த்த அருங்காட்சியகத்தில் பணம் இல்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள். வயது 33. கல்யாணம் ஆனவர், கையில் வேலை இல்லை. பம்பாய்க்கு எதிர்க்கரையில் கிஹிம் என்ற கடலோர கிராமத்தில் போய் இருந்துகொண்டு என்ன செய்தார் தெரியுமா? தூக்கணாங்குருவி கூடு கட்டுவதை உட்கார்ந்து பார்த்தார். நம்ம ஊர்க்காரர் யாராவது அந்த வழியாகப் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? “வேலை வெட்டி இல்லாதவன்” என்றுதானே? விருது எல்லாம் வர இன்னும் இருபது முப்பது வருஷம் இருந்தது. அது வரும் என்று அன்றைக்கு அவருக்கே தெரியாது. தெரியாமலேதான் பார்த்தார்.

பார்த்ததில் என்ன கிடைத்தது? தென்னை ஓலையிலும் பனை ஓலையிலும் கிணற்றுக்கு மேலே தொங்குகிற அந்தக் கூடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சிலது முழுசாக நீளக் குழாயோடு இருக்கும். சிலது பாதியில் நிற்கும். “சோம்பேறிக் குருவி, பாதியில விட்டுட்டுப் போயிடுச்சு” என்று நாம் நினைப்போம். நடப்பது வேறு. ஆண் குருவிதான் கூடு கட்டும். பாதி கட்டியதும் பெண் குருவிகள் வந்து உள்ளே புகுந்து பார்க்கும், நாம் வாடகைக்கு வீடு பார்க்கிற மாதிரி! பிடித்திருந்தால் அது உள்ளே தங்கும், ஆண் மீதியைக் கட்டி முடிக்கும். முடித்ததும் அந்த ஆண் அடுத்த கூட்டை ஆரம்பித்து அடுத்த பெண்ணைக் கூப்பிடும். யாருக்கும் பிடிக்காத கூடு அப்படியே தொங்கும். இதையெல்லாம் சாலிம் அலி கிஹிமில் பார்த்து எழுதினார்.

இதைப் படித்த பிறகு எங்க தோட்டத்துக் கிணற்றில் எண்ணினேன். போன ஆடி மாதம் 17 கூடு. அதில் முழுசாக இருந்தது 6 தான். தூக்கணாங்குருவி கூட்டுக்குள் களிமண் வைத்து, அதில் மின்மினிப் பூச்சியை ஒட்டி விளக்கு ஏத்தும் என்று அப்பிச்சி சொல்வார். களிமண் அப்புவது நிஜம், விளக்கு மட்டும் கதை. இதைச் சொன்னதும் அப்பிச்சி, “அப்படியா கண்ணு?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கும் வகுப்புச் சிரிப்புக்கும் வித்தியாசம் இருக்கிறது.

தமிழ்நாட்டிலேயே இன்னொருவர் இருந்தார். மா. கிருஷ்ணன் (1912–1996). ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு, காட்டையும் பறவையையும் பார்த்து எழுதியே பிழைத்தவர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமரா அமைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார். கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் 1950-இல் தொடங்கி 1996-இல் கண்ணை மூடும் வரைக்கும், 46 வருஷம், இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். நாற்பத்தாறு வருஷம்! நாம் ஒரு டைரியை ஜனவரி தாண்டி எழுதுகிறோமா?

அப்படியானால் பிரயோஜனமே கிடையாதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது பின்னால் வரும், சில சமயம் வராமலும் போகும். இந்தியாவில் பறவைகளின் நிலை பற்றி 2023-இல் ஒரு அறிக்கை வந்தது. 942 வகைப் பறவைகளைப் பற்றியது. அது எதை வைத்துத் தயாரானது தெரியுமா? 30,000-க்கு மேற்பட்ட சாதாரண ஆட்கள் எழுதிய 3 கோடி குறிப்புகளை வைத்து. அதில் விஞ்ஞானிகள் மட்டும் இல்லை, என்னைப் போல நோட்டும் பென்சிலும் வைத்திருப்பவர்களும் உண்டு. கரண்டுக் கம்பியில் உட்கார்ந்திருக்குமே பனங்காடை, பறக்கும்போது இறக்கையில் நீலம் பளிச்சென்று தெரியுமே, அது நாடு பூராவும் குறைந்துகொண்டே வருகிறது என்று அந்த அறிக்கை சொன்னது. யாரும் எண்ணாமல் இருந்திருந்தால் அது குறைவதே யாருக்கும் தெரிந்திருக்காது. பரமத்தி ரோட்டில் போகும்போது நான் கம்பியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு போவது இதற்காகத்தான். ஆனால் நாட்டுக்காகப் பறவை பார்க்கிறேன் என்று சொன்னால் அது பொய். அந்த நீலம் பிடிக்கும், அதனால் பார்க்கிறேன்.

இனி கிண்டல் செய்யும் நண்பர்களுக்கு இரண்டு வார்த்தை. கிண்டலே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கிண்டல் இல்லாத வகுப்பு உப்பில்லாத குழம்பு மாதிரி. “கொக்கு” என்று கூப்பிடுங்கள், திரும்பிப் பார்க்கிறேன். கொக்கு நல்ல பறவைதான், காத்திருக்கத் தெரிந்தது. ஆனால் நோட்டை ஒளித்து வைப்பது, பக்கத்தைக் கிழிப்பது கிண்டல் இல்லை. அதேபோல சிலர் “குருவிக்காரி” என்று கூப்பிடுகிறீர்கள். குருவிக்காரர் என்பது உழைத்துப் பிழைக்கும் ஒரு சமூகத்தின் பேர். நரிக்குறவரோடு சேர்த்து அவர்களையும் 2023-இல் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தப் பேரை வசவாகச் சொன்னால் புண்படுவது நான் இல்லை, நம்மைப் போலவே பள்ளிக்கூடம் போகிற அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். அதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

வித்தியாசமான பொழுதுபோக்கு இருக்கும் நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நமக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. “நான் பறவை பார்க்கிறேன், நீங்கள் வெறும் கிரிக்கெட்” என்று மனசுக்குள் மற்றவர்களை மட்டமாக நினைப்போம். அது நாம் அவர்களைச் செய்கிற கிண்டல். கிரிக்கெட்டும் ஒருத்தருக்கு உயிராக இருக்கலாம். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, அதனால் சண்டை போட வேண்டாம், ஒளித்து வைக்கவும் வேண்டாம். யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். தினமும் தேதி போட்டு எழுதி வையுங்கள். புரிந்துகொள்கிற ஒரே ஒரு ஆளைத் தேடிக்கொள்ளுங்கள், அது தாத்தாவாக இருந்தாலும் சரி, டீச்சராக இருந்தாலும் சரி. ஒருத்தர் போதும். முக்கியமாக, எதையும் வாய்க்காலில் போடாதீர்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். மாதத்தில் ஒரு நாள், ஒரு பீரியடு, மார்க்கு இல்லாமல், அவரவர் பொழுதுபோக்கை வகுப்பில் காட்ட இடம் கொடுங்கள். எத்தனை டைரி, எத்தனை டப்பா வெளியே வரும் என்று பாருங்கள்!

தமிழ்நாட்டில் 2015-இலிருந்து பொங்கலை ஒட்டி நாலு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஒரு இடத்தில் 15 நிமிஷம் நின்று, பார்த்ததை எண்ணி எழுதினால் போதும். காசு வேண்டாம், மார்க்கும் கிடையாது. அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் மாட்டுத் தொழுவத்தில் நின்றே எண்ணலாம். காக்கா, மைனா, செம்போத்து எல்லாம் கணக்கில் சேரும். பேர் தெரியாததை வந்து கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததை இரண்டு பேரும் சேர்ந்தே புத்தகத்தில் தேடலாம்.

 

– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி,
பரமத்தி வேலூர்.