பூத்தொடுத்த விரல்களுக்கு ஒரு மணிமாலை

எழுபதைக் கடந்த விரல்களை விட்டு முதலில் விலகுவது பூத்தொடுக்கும் கைங்கர்யமே. இந்தப் பக்கம் இரண்டு அரும்பு, அந்தப் பக்கம் இரண்டு அரும்பு, நடுவே வாழைநாரின் ஒரு சுற்று, ஒரு சுருக்கு. அரும்புக்கு அரும்பு முடிச்சு வேண்டும். மூட்டுவலி கண்ட விரல்கள் அந்தச் சுருக்கிற்கு மடங்குவதில்லை. கடையில் முழம் போட்டு வாங்கிய சரத்தை அம்பாளுக்குச் சாற்றிவிடலாம், பூஜைக்குக் குறைவில்லை. ஆனால் ஐம்பது ஆண்டுகள் தன் கையால் தொடுத்துச் சாற்றிய ஒரு பாட்டிக்கு, குறைவு பூவில் அன்று, கையில் இருக்கிறது. திருப்புகலூரில் நாள்தோறும் மாலை தொடுத்தே நாயன்மார் வரிசையில் இடம் பெற்றவர் முருக நாயனார். திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்து அரங்கனுக்கு மாலை கட்டியவர் தொண்டரடிப்பொடியாழ்வார். அவர்கள் வழியில் வந்த கை சும்மா இருக்க விரும்பாதது இயல்பே.

அத்தகைய கைகளுக்கு ரிப்பனும் மணியும் சேர்ந்த ஒரு சிறு மாலை நன்றாகப் பொருந்தும். இதில் முடிச்சு இரண்டே இரண்டு: தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. மேலும், பூ காத்திராது, மணி காத்திருக்கும். கை நோகும்போது அப்படியே வைத்துவிட்டு மறுநாள் தொடரலாம்.

இது பூமாலைக்கு மாற்று என்று எண்ண வேண்டியதில்லை. உபசாரங்களில் புஷ்பம் வேறு, ஆபரணம் வேறு. மணிமாலை ஆபரண வகை. திருவடியில் ஒரு உதிரிப்பூவை இட்டு, கழுத்தில் இதைச் சாற்றினால் முறை குலையாது. வரலக்ஷ்மி விரதக் கலசத்தின் அம்பாள் முகத்திற்கும், நவராத்திரிக் கொலுவில் மரப்பாச்சிக்கும் இது மிகவும் எடுக்கும்.

முதலில் அளவு. ஒரு நூலை விக்கிரகத்தின் கழுத்தில் இட்டு, மாலை எதுவரை தொங்க வேண்டுமோ அதுவரை விட்டு வெட்டி, அதை அளவுகோலில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அரையடி உயரத் திருவுருவத்திற்கு 8 மி.மீ. மணிகள் 27 ஏறக்குறைய 22 செ.மீ. நீளம் தரும், நட்சத்திரக் கணக்கும் அமையும். ஜபமாலையில் 108, 54, 27 என்று கோக்கும் வழக்கம் பலருக்கும் தெரிந்ததே. ரிப்பன் மணிகளைச் சுற்றி வளைந்து போவதால், மணி வரிசையின் நீளத்தைப் போல் இருமடங்கு செலவாகும். இருபுறமும் கட்டுவதற்கு விடும் பகுதியையும் சேர்த்து ஒரு மீட்டர் போதும். ரிப்பனின் அகலம் மணியின் குறுக்களவை ஒத்திருந்தால் நல்லது. மிக அகலமானால் மணி மறைந்துவிடும்.

கண்ணாடி மணி செய்வது தமிழ் நிலத்தின் பழந்தொழில். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டின் அகழாய்வே அதற்குச் சான்று. இன்றும் கோயில் வாசல்களில் நரிக்குறவர் குடும்பங்கள் கோத்து விற்கும் பாசிமணி அழகு வாய்ந்தது. எனினும் பொடிப்பாசி இந்த வேலைக்கு ஒவ்வாது, மூத்த கண்களுக்கும் ஒவ்வாது. வாங்கும்போதே ஒரு ஊசியை நுழைத்துத் துளையைச் சோதித்துவிட வேண்டும். துளையின் விளிம்பு கூர்மையாக இருக்கும் மணி நூலை அறுத்துவிடும்.

வீட்டில் அறுந்து கிடக்கும் பழைய கழுத்துமாலையின் மணிகளைப் பயன்படுத்தலாமா என்ற ஐயம் சிலருக்கு எழும். மனிதர் அணிந்ததை இறைவனுக்குச் சாற்றுவதில்லை என்பதே பொதுவழக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோதையின் மாலை அதற்கு விலக்கு. அவள் சூடிக்களைந்த மாலை என்ற நினைவில்தான் இன்றளவும் புரட்டாசியில் திருமலைக்கு மாலை போகிறது. அந்த விலக்கை எல்லாரும் எடுத்துக்கொள்வதற்கில்லை. புதுமணிகளின் விலை அதிகமன்று. புதியதையே வாங்குவது உத்தமம்.

வேலைக்குப் பகல் வெளிச்சமே ஏற்றது. தாம்பாளத்தில் தடித்த துணி விரித்து அதன்மேல் மணிகளைப் பரப்பினால் அவை உருண்டோடா. வெள்ளை மணிக்குக் கருநிறத் துணி, கருமணிக்கு வெள்ளைத் துணி. முழங்கைகளை மேஜையில் ஊன்றிக்கொண்டால் கை நடுக்கம் பெரிதும் அடங்கும். நைலான் நரம்பில் முடிச்சு நழுவும். தையல் நூலை இரட்டையாக்கி, மெழுகுவர்த்தியில் ஒருமுறை உரசி எடுத்துக்கொள்வது மேல். ஊசியில் நூல் கோக்கப் பேரன் பேத்தியை அழைக்கலாம். அந்தச் சாக்கில் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்துவிடுவதும் உண்டு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையாயின் மணிகள் அதன் கைக்கு எட்டவே கூடாது.

ரிப்பனின் ஒரு முனையில் 20 செ.மீ. விட்டு, அவ்விடத்தில் ஊசியை ரிப்பனின் நடுவே நுழைத்து, முடிச்சு பின்புறம் தங்கும்வரை இழுக்க வேண்டும். ஒரு மணியை ஊசியில் ஏற்றி ரிப்பனோடு ஒட்டி நிறுத்த வேண்டும். பிறகு ரிப்பனை அம்மணியின் மேலாக வளைத்துக் கொண்டுவந்து, மணியின் மறுபுறத்தில் மீண்டும் நடுவே ஊசியை நுழைக்க வேண்டும். அடுத்த மணிக்கு ரிப்பன் கீழாக வளையும், அதற்கடுத்து மேலாக. இவ்வாறு மேலும் கீழுமாக ரிப்பன் அலைபோல் செல்ல, ஒவ்வொரு அலையின் மடியிலும் ஒரு மணி அமர்ந்திருக்கும். ஜபமாலையில் மணிக்கு மணி இடும் முடிச்சின் வேலையை இங்கே ரிப்பனின் மடிப்பே செய்துவிடுகிறது.

இறுக்கம்தான் இதில் நுட்பம். மிக இறுக்கினால் மாலை குச்சிபோல் விறைத்து, திருமேனியில் படியாது. தளர்ந்தால் நூல் வெளியே தெரியும். ஐந்து மணிக்கு ஒருமுறை தூக்கிப் பிடித்துப் பார்த்து, தொய்வு சரியாக இருந்தால் மேலே செல்லலாம். கடைசி மணி முடிந்ததும் அதே இடத்தில் மூன்று தையல் போட்டு முடிச்சிட வேண்டும். மறுமுனையிலும் 20 செ.மீ. விட்டு ரிப்பனைச் சாய்வாக வெட்டினால் நூல் பிரிவது குறையும். சிலர் முனையைத் தீயில் காட்டிப் பிரியாமல் செய்வர். அதற்குப் பூஜை விளக்கின் சுடரைப் பயன்படுத்துவது அழகன்று, மெழுகுவர்த்தி போதும்.

கொக்கி வேண்டாம். விக்கிரகத்தின் பின்கழுத்தில் ரிப்பன் முனைகளைப் பூப்போல் சுருக்கிட்டால், ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடும். வலிக்கும் விரலுக்கு அதுவே எளிது.

அபிஷேகத்திற்கு முன் மாலையைக் களைந்துவிட வேண்டும். பாலும் சந்தனமும் சாட்டின் துணியில் கறையாகும். செயற்கை முத்தின் பூச்சும் உரியும். கற்பூர ஆரத்தி எடுக்கும்போது ரிப்பன் முனைகள் தொங்காமல் பின்னால் செருகியிருப்பது அவசியம், ஏனெனில் இவ்வகைத் துணி எளிதில் தீப்பற்றி உருகும். கழற்றிய மாலையை மடிக்காமல் நீளவாக்கில் பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் ரிப்பன் கசங்காது. மீந்த நாலைந்து மணிகளையும் ஒரு சாண் ரிப்பனையும் அந்தத் துணியிலேயே முடிந்து வைத்துவிட்டால், என்றேனும் ஒரு மணி உடையும்போது அதே நிறத்தைத் தேடிக் கடை ஏற வேண்டியிராது.