இன்னும் ஓராண்டு



விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. அதை நாம் எத்தனையோ முறை கூறியிருக்கிறோம். பிறர் கூறக் கேட்டும் இருக்கிறோம். ஆயினும் முளையைக் கண்டவுடன் விளைச்சலை அளந்து மூட்டை கட்டிவிடும் உழவர் எவரும் இலர். முளைத்தபின் நீர் பாய்ச்ச வேண்டும், களை எடுக்க வேண்டும், மழைக்கும் வெயிலுக்கும் காத்திருக்க வேண்டும் என்பதை அவர்கள் நன்கறிவார்கள். வயலில் காட்டும் இப்பொறுமையை வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் மட்டும் நாம் ஏனோ காட்டுவதில்லை. இத்திங்கள் இதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். அதற்குத் துணையாக, கடல் கடந்த நாட்டில் நடந்த வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வழக்காடியவர்கள் கூடைப்பந்து ரசிகர்கள். வழக்குக்கு ஆளானவர் 21 வயது இளைஞர் ஒருவர்.

கூடைப்பந்தை நம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நம் கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றின் மைதானங்களில் அதன் கம்பங்கள் நிற்கின்றன. 1891 ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி இதைத் தொடங்கி வைத்தார். அவர் இறையியல் கற்றுத் தேர்ந்தவர் என்பது பலரும் அறியாத செய்தி.

ஓர் அணியில் ஐவர் ஆடுவர். அவர்களுள் பந்தைத் தம் பொறுப்பில் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவரை ‘பாயிண்ட் கார்டு’ என்பர். அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில், 8 வினாடிகளுக்குள் பந்து நடுக்கோட்டைக் கடந்தாக வேண்டும். 24 வினாடிகளுக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். அந்தச் சில கணங்களில், தாமே எறிவதா, இடம் கண்டு நிற்கும் தோழருக்குக் கொடுப்பதா என்று அவர் முடிவு செய்கிறார். பந்தியில் பரிமாறுபவரைப் போன்றது அவர் நிலை. யாருக்கு எது வேண்டும் என்பதை அறிந்து, தம் பசியையும் அடக்கி, எல்லாருக்கும் உரியதை உரிய வேளையில் வைக்க வேண்டும். இத்தகைய பக்குவம் ஒரே நாளில் வருவதன்று. ஆகவேதான் புதிதாக வரும் பாயிண்ட் கார்டைப் பற்றி ரசிகர்களிடையே எழும் வாதங்கள் எளிதில் ஓய்வதில்லை.

2009 ஆம் ஆண்டு ஜூன் 25 ஆம் நாள், நியூயார்க் மாநகரின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில், என்.பி.ஏ. அணிகள் அவ்வாண்டுக்குரிய இளம் வீரர்களை வரிசை முறையில் தெரிந்தெடுத்தன. மின்னசோட்டா அணிக்கு ஐந்தாவது, ஆறாவது இடங்கள் கிட்டியிருந்தன. அவ்வணி அடுத்தடுத்து இரண்டு பாயிண்ட் கார்டுகளையே தெரிந்துகொண்டது. ஸ்பெயின் நாட்டு ரிக்கி ரூபியோ ஒருவர். ஜானி ஃப்ளின் மற்றொருவர். ஏழாவதாகக் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி அழைத்த பெயர் ஸ்டீபன் கர்ரி.

யார் இந்த இளைஞர்? இவர் தந்தை டெல் கர்ரி 16 பருவங்கள் என்.பி.ஏ.வில் ஆடியவர். ஆயினும் மகனுக்குப் பெரிய பல்கலைக்கழகங்களின் கதவுகள் திறக்கவில்லை. உருவம் மெலிந்தது, உயரமும் அவ்விளையாட்டுக்குக் குறைவு. டேவிட்சன் என்னும் சிறிய கல்லூரியே அவருக்கு இடம் அளித்தது. 2006 இல் அங்கு ஆடிய முதல் ஆட்டத்தில் 13 முறை பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தார்! வேறொரு பயிற்சியாளராக இருந்திருந்தால் அடுத்த ஆட்டத்தில் அவரை ஓரத்தில் அமர்த்தியிருப்பார். பாப் மக்கில்லோப் என்னும் அப்பயிற்சியாளரோ மீண்டும் அவரையே களத்தில் இறக்கினார். பெயர் பெற்ற மிச்சிகன் பல்கலைக்கழகத்தை எதிர்த்து அவர் ஈட்டியவை 32 புள்ளிகள். 2008 இல் அச்சிறு கல்லூரி நாட்டின் இறுதி எட்டு அணிகளுள் ஒன்றாக நின்று, கன்சாஸ் அணியிடம் 57க்கு 59 என்ற கணக்கில் மட்டுமே தோற்றது.

இவ்வளவும் அறிந்திருந்தும் ரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்தே நின்றனர். கூடையை நோக்கி எறிவதில் வல்லவர், ஆயினும் பிறரை ஆட்டுவிக்கத் தெரியுமா என்றனர் சிலர். இந்த மெலிந்த உடல் பெரிய வீரர்களின் மோதலைத் தாங்குமா என்றனர் வேறு சிலர். அவர் சேர்ந்த அணியின் முன்னணி வீரரான மாண்டா எல்லிஸ், இருவருமே உருவில் சிறியவர்கள், இருவரும் ஒருங்கே ஆடினால் அணி வெல்லாது என்று வெளிப்படையாகவே கூறிவிட்டார்.

ஒப்பிட்டுப் பார்க்க வேறு இளைஞர்களும் இருந்தனர். மில்வாக்கி அணியின் பிராண்டன் ஜென்னிங்ஸ், 2009 நவம்பர் 14 அன்று ஒரே ஆட்டத்தில் 55 புள்ளிகள் குவித்தார். எதிரே நின்று தோற்றது கர்ரியின் அணியே! இதைவிட வேறு சான்று எதற்கு என்று பலர் எண்ணியிருக்கக்கூடும். சாக்ரமெண்டோவின் டைரீக் ஈவான்ஸ், ஆட்டத்திற்குச் சராசரி 20.1 புள்ளிகள் பெற்று அவ்வாண்டின் சிறந்த புதுமுகம் என்னும் விருதை வென்றார். சராசரி 17.5 புள்ளிகள் பெற்ற கர்ரிக்குக் கிடைத்தது இரண்டாம் இடம்.

பின்னர் வந்தது சோதனைக் காலம். கணுக்கால் மீண்டும் மீண்டும் பிசகியது. 2011 லும் 2012 லும் அறுவைச் சிகிச்சை நடந்தது. 2011-12 பருவத்தின் 66 ஆட்டங்களில் அவரால் ஆட முடிந்தவை 26 மட்டுமே. அப்பருவத்தின் இடையில், 2012 மார்ச்சில், அணியினர் மக்கள் விரும்பிய எல்லிஸை வேறு அணிக்கு அனுப்பிவிட்டுக் கர்ரியை வைத்துக்கொண்டனர். சில நாட்கள் கழித்து அரங்கத்தில் பேச எழுந்த அணி உரிமையாளரை, ரசிகர்கள் நெடுநேரம் கூச்சலிட்டுப் பேச விடாமல் செய்தனர்.

அந்தத் தீர்ப்பு எவ்வளவு பிழையானது என்பதைக் காலம் காட்டியது. கர்ரி 2015 லும் 2016 லும் என்.பி.ஏ.வின் மிகச் சிறந்த வீரராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். இரண்டாம் முறை வாக்களித்த அனைவரும் அவரையே முதலிடத்தில் வைத்தனர். அதற்குமுன் எவருக்கும் அது நிகழ்ந்ததில்லை. 2015, 2017, 2018, 2022 ஆகிய நான்கு ஆண்டுகளில் அவர் அணி வாகை சூடியது. 2021 டிசம்பர் 14 அன்று, தொலைவிலிருந்து எறிந்து மூன்று புள்ளி ஈட்டும் வீச்சுகளின் எண்ணிக்கையில், ரே ஆலன் நிறுவிய 2,973 என்ற எல்லையை அவர் கடந்தார். கடந்த இடம், 12 ஆண்டுகளுக்கு முன் ஏழாவதாகப் பெயர் அழைக்கப்பட்ட அதே மேடிசன் ஸ்குவேர் கார்டன்! 2022 இல், விட்டுவந்த கல்லூரிப் படிப்பை முடித்துத் தாயாருக்குக் கொடுத்த வாக்கையும் நிறைவேற்றினார் என்பதைக் குடும்பத்தினராகிய நீங்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்.

இத்துடன் கதையை முடித்துக்கொண்டால் நாம் பாதி உண்மையையே சொன்னவர்கள் ஆவோம். வென்றவரைக் கண்டு, எமக்கு அப்போதே தெரியும் என்று மார்தட்டுவது எளிது. மற்றவர்கள் என்ன ஆயினர்? ஃப்ளின் இடுப்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். மூன்று பருவங்களோடு அவருடைய என்.பி.ஏ. வாழ்வு முடிந்தது. முதற்பரிசு பெற்ற ஈவான்ஸ் முழங்கால் காயங்களால் வருந்தினார். 14 வயதிலேயே ஸ்பெயினின் முதல்தரப் போட்டிகளில் ஆடத் தொடங்கி, 17 வயதில் ஒலிம்பிக் வெள்ளிப் பதக்கம் பெற்ற ரூபியோ, 2019 உலகக் கோப்பையில் மிகச் சிறந்த வீரராகப் போற்றப்பட்டார். அவரே 2023 இல், மனநலத்தைப் பேணும் பொருட்டு ஆட்டத்தை நிறுத்திக்கொள்வதாக அறிவித்து, 2024 சனவரியில் என்.பி.ஏ.விடமிருந்து விடைபெற்றார். இவர்களைத் தோற்றவர்கள் என்று எழுதிவிடலாமா? பாராட்டும் கூட ஓர் இளைஞரின் தோள்மீது பாரமாக இறங்கலாம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இவன் ஒன்றுக்கும் உதவான் என்பது ஒரு தீர்ப்பு. இவன் எல்லாரையும் வென்றே தீருவான் என்பதும் ஒரு தீர்ப்பே. இரண்டுமே பிள்ளையைப் பாராமல் அவனது பயனைப் பார்க்கின்றன.

விவிலியம் இதை நமக்கு முன்னரே காட்டியிருக்கிறது. பெத்லகேமில் ஈசாயின் வீட்டுக்கு வந்த சாமுவேல், மூத்த மகனின் உயரத்தையும் தோற்றத்தையும் கண்டு, இவனே அரசன் என்று எண்ணிவிட்டார். இறைவாக்கினரும் தடுமாறினார் என்றால் நாம் எம்மாத்திரம்? ஆண்டவர் தேர்ந்தவரோ ஆடு மேய்க்கச் சென்றிருந்த கடைசிப் பிள்ளை. சொந்தத் தந்தையே அவரை அழைக்க நினைக்கவில்லை.

நம் ஆண்டவர் கூறிய அத்திமர உவமையையும் எண்ணிப் பாருங்கள். மூன்று ஆண்டுகளாகக் கனி தேடி ஏமாந்த உரிமையாளர் மரத்தை வெட்டச் சொல்கிறார். தோட்டக்காரரோ இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். அவர் வெறுமனே தவணை கேட்கவில்லை. சுற்றிலும் கொத்தி எருவிடுவதாகவும் பொறுப்பேற்கிறார். கனி தரும் என்று அவர் உறுதி கூறவும் இல்லை. உறுதி இல்லாதபோதும் உழைக்க முன்வருவதே அன்பு. முதல் ஆட்டத்தில் 13 முறை பந்தை இழந்த மாணவனை மறுபடியும் களத்தில் இறக்கிய அப்பயிற்சியாளரிடம் நாம் காண்பதும் இத்தோட்டக்காரரின் சாயலே.

இதை எழுதும்போது நம் உள்ளம் நம்மையே குற்றஞ்சாட்டுகிறது. ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன், நாம் இளங்குருவாய் இருந்த பங்கில், பீடச் சிறுவன் ஒருவன் இருந்தான். எட்டாம் வகுப்பில் தவறிவிட்டான். கண்ணீரோடு வந்த தாயிடம், “இவனுக்குப் படிப்பு ஏறாது அம்மா, ஏதாவது பட்டறையில் சேர்த்துவிடுங்கள்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டோம். அத்தாயும் குருவானவர் வாக்கென்று அப்படியே செய்தார். நாம் மாற்றலாகிச் சென்றோம்; சொன்னதையும் மறந்தோம்.

அண்மையில் அவர் தம் மகனை அழைத்துக்கொண்டு நம்மைக் காண வந்தார். மோட்டார் பம்புகளைப் பழுதுபார்க்கும் கடையைத் தாமே நடத்துகிறார். கணக்கு வழக்கு அனைத்தும் அவர் கையெழுத்தில்தான். பையன் பத்தாம் வகுப்பில் குறைந்த மதிப்பெண் வாங்கியிருந்தான். ஆசீர் பெற முழந்தாளிட்ட மகனை வெளியே அனுப்பிவிட்டு அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: “சுவாமி, இவனைப் பற்றி மட்டும் இப்போதே ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.”

அவர் குரலில் சினம் சிறிதும் இல்லை. அதுவே நம்மை மிகவும் வாட்டியது. பட்டறை இழிவானதன்று, நாசரேத்தூரின் தச்சுப் பட்டறையை வணங்கும் மக்கள் அல்லரோ நாம்? பட்டறைக்கு அனுப்பியது நம் குற்றமன்று. அச்சிறுவனை ஒரு நாளாவது அருகில் அமர்த்தி, எங்கே இடறுகிறான் என்று கேளாமலே தீர்ப்புக் கூறியதுதான் நம் குற்றம். மன்னிப்புக் கேட்டோம். அவர் நம் கைகளைப் பற்றிக்கொண்டார்.

பெற்றோரே, தேர்வு முடிவுகள் வரும் நாளில் உங்கள் இல்லத்தில் பேசப்படும் சொற்களை எண்ணிப் பேசுங்கள். உறவினர் கூடி ஒப்பிட்டு வாதாடும்போது, பிள்ளை அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதை நினைவில் வையுங்கள். கூடைப்பந்து ரசிகர்களின் தீர்ப்பு பிழையானால் ஓர் ஆட்டக்காரர் அதைத் தம் ஆட்டத்தால் திருத்திவிடக்கூடும். தாயின் தீர்ப்பையும் தந்தையின் தீர்ப்பையும் பிள்ளை வாழ்நாள் முழுவதும் சுமந்து செல்கிறான். குருவின் தீர்ப்பையும் அவ்வாறே.

ஆகவே, கோடரியைக் கீழே வைப்போம். மண்வெட்டியைக் கையில் எடுப்போம். இன்னும் ஓராண்டு வேரைக் கொத்தி எருவிடுவோம். கனியைத் தருபவர் இறைவன். அவர் குறித்த வேளையை நாம் அறியோம்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குக!