ஜாமீன் கையெழுத்தும் ஓசி சிந்தசைஸரும்

"மாமா, ஒரு சின்னக் கையெழுத்து வேணும்."

பி.காம். படித்தவனை இதைவிடப் பயமுறுத்த முடியாது. பெரிய கையெழுத்து வேணும் என்று இதுவரை யாரும் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கும்போது எல்லாமே சின்னக் கையெழுத்துதான். தவணை நின்ற பிறகுதான் அது வளர ஆரம்பிக்கும்.

கேட்டது என் மச்சினன். சொந்த ஊர் திருவள்ளூர். வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கன்ட்ரோல் பேனல் செய்கிற ஒரு கம்பெனியில் வயரிங். ஒரே மாவட்டம்தானே, தினம் போய் வரலாமே என்பீர்கள். மேப்பில் பக்கம்தான். ரயிலில் வந்து பாருங்கள். திருவள்ளூரில் ஏறி, சென்னைக்குப் போய், லைன் மாறி, மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை என்று மறுபடி வடக்கே ஏறி வரணும். நடுவே நேராக ஒரு வயர் கிடையாது. அதனால் வாரத்தில் ஐந்து நாள் பையனுக்கு என் வீட்டு ஹாலில்தான் வாசம்.

"எவ்வளவு?"

"ரெண்டரை லட்சம். பர்சனல் லோன். நீங்க ஜாமீன் போட்டா போதும்."

"கல்யாணச் செலவா?"

"இல்ல மாமா... மாடுலர் சிந்தசைஸர்."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. அங்கே அவன் அக்கா, அதாவது என் மனைவி, காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

*

சிந்தசைஸர் என்றால் கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் மடியில் வைத்து வாசிப்பார்களே, அது என்றுதான் நானும் நினைத்தேன். அது இட்லி-வடை-பொங்கல் எல்லாம் ஒரே தட்டில் வரும் மினி டிபன். இவன் கேட்பது அரிசி தனி, உளுந்து தனி, அடுப்பு தனி.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எனக்கு இவன் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். சத்தத்தை உற்பத்தி செய்ய ஒரு பெட்டி, ஆஸிலேட்டர். அதில் கரகரப்பை வடிகட்ட ஒரு பெட்டி, ஃபில்டர் (காபி ஃபில்டர் மாதிரியேதான்). எவ்வளவு வெளியே விடுவது என்று திறந்து மூட ஒரு குழாய், அது ஆம்ப்ளிஃபையர். இந்தக் குமிழ்களை நமக்குப் பதிலாக மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருக்கக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கை, அதன் பெயர் எல்.எஃப்.ஓ. ஒவ்வொன்றும் தனித்தனி மாட்யூல். முன்பக்கம் ஓட்டைகள். எதிலிருந்து எதற்கு வயர் போடுவது என்பது உங்கள் இஷ்டம். பெட்டிக்குப் பெட்டி பேசிக்கொள்வது வோல்டேஜில். ஒரு வோல்ட் ஏற்றினால் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி மேலே போகும்.

"நாள் பூரா ரிலேவுக்கும் டைமருக்கும் வயர் போடறேன் மாமா. சாயந்தரம் மோட்டார் ஓடுது, அவ்ளோதான். இதுல வயர் போட்டா பாட்டு வருது!"

அவன் கண்ணில் ஒரு வெளிச்சம். எனக்கு அந்த வெளிச்சம் தெரியும். பத்து வருஷத்துக்கு முன்னால் எனக்கும் வந்தது. இளையராஜா ஆகிவிடுவது என்று முடிவு செய்து தவணையில் ஒரு கீபோர்டு வாங்கினேன். தவணை பன்னிரண்டு மாதம் வந்தது. வெளிச்சம் மூன்று மாதம் வந்தது. அந்தக் கீபோர்டு இன்று எங்கள் வீட்டில் இஸ்திரி போட்ட துணி அடுக்கும் பலகை. நீளம் கனகச்சிதம்.

"லிஸ்ட் கொடு" என்றேன். ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஸ் பாதியில் விட்டவன் நான். லிஸ்ட் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன்.

பதினோரு மாட்யூல். யூரோராக் என்கிற அளவு. 1990-களின் நடுவில் டோப்ஃபர் என்ற ஜெர்மன்காரர் ஆரம்பித்து வைத்தது. ஒவ்வொன்றும் உயரம் 128.5 மில்லிமீட்டர், அகலம் சிலது இரண்டு விரல்கடை. விலை பத்தாயிரம், இருபதாயிரம் என்று போகிறது. கஸ்டம்ஸ் தனி. அலமாரி தனி. பவர் சப்ளை தனி. உள்ளே ரிப்பன் கேபிளைத் திருப்பிச் செருகிவிட்டால், சில மாட்யூல் பரலோகம் போய்விடும். அதற்கு ஐந்தொகையில் எந்தத் தலைப்பில் எழுதுவது?

"இதையே கம்ப்யூட்டர்ல பண்ண முடியாதா?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

பையன் முகம் கோணியது. "இருக்கு மாமா. ஃப்ரீயாவே கிடைக்குது. ஆனா அது டூப்பு."

ஃப்ரீ! கரண்டிச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

*

நான் ஒரு ஒப்பந்தம் போட்டேன். மூன்று மாதம் அந்த டூப்பில் வாசி. அதன் பிறகும் இந்தப் பதினோரு மாட்யூலும் வேண்டும் என்றால், நானே பேனா வாங்கி வந்து கையெழுத்துப் போடுகிறேன். இதற்குக் கணக்குப் பாடத்தில் ட்ரையல் பேலன்ஸ் என்று பெயர்.

அந்த சாஃப்ட்வேர் பெயர் வி.சி.வி. ராக். ஆண்ட்ரூ பெல்ட் என்ற அமெரிக்கர் 2017-ல் வெளியிட்டது. என் கட்டுரை எழுதுகிற லேப்டாப்பிலேயே ஏற்றினோம். திறந்தால் திரையில் காலி அலமாரி. வலது கிளிக்கில் மாட்யூல்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. இலவசமாகவே ஆயிரக்கணக்கில். ஸ்க்ரூ உட்பட வரைந்து வைத்திருக்கிறார்கள். மவுஸால் ஓர் ஓட்டையிலிருந்து இன்னோர் ஓட்டைக்கு இழுத்தால் கலர் கலராக வயர். அந்த வயர் நிஜம் போலவே தொய்ந்து தொங்குகிறது. எவ்வளவு தொங்கணும் என்று மாற்றக்கூட வசதி இருக்கிறது! பேனல் வயர்மேன் நெகிழ்ந்து போனான். அவன் சூப்பர்வைசருக்கு வயர் தொங்கினால் பிடிக்காது.

லிஸ்டில் முதல் மாட்யூல் ப்ளெயிட்ஸ் என்று ஒன்று. ம்யூடபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற பெயரில் எமிலி ஜிலே என்ற பிரெஞ்சுப் பெண்மணி வடிவமைத்தது. 2022-ல் கடையை மூடிவிட்டார். ஆனால் மூடுவதற்கு ரொம்ப முன்னாலிருந்தே, உள்ளே ஓடுகிற புரோகிராமை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பகிரங்கமாக வைத்திருந்தார். அதைத்தான் இந்த சாஃப்ட்வேரில் மேக்ரோ ஆஸிலேட்டர் 2 என்று வேறு பெயரில் வைத்திருக்கிறார்கள்.

"அப்படின்னா அந்த நிஜப் பெட்டிக்குள்ளயும் இருக்கறது கம்ப்யூட்டர் சிப்புதானா?"

"ஆமா மாமா."

"அதே புரோகிராம்தான் இங்கயும் ஓடுதா?"

"...ஆமா."

"அப்ப யாருடா டூப்பு?"

பையன் பதில் சொல்லவில்லை. லிஸ்டில் ஒரு கோடு அடித்தான். பதினொன்று பத்தாயிற்று.

நியாயத்துக்கு இதையும் சொல்லணும். எல்லா மாட்யூலும் அப்படி இல்லை. டிரான்சிஸ்டரும் கெபாசிட்டருமாக இருக்கிற பழைய பாணி ஃபில்டர், ஆஸிலேட்டர் எல்லாம் வேறு ஜாதி. அவற்றின் நடத்தையைக் கணக்குப் போட்டுப் போலி செய்யத்தான் முடியும். நிஜப் பெட்டி சூட்டுக்குச் சுருதி நகரும். எங்கள் ஊர் மே மாதத்தில் மனுஷனே நகர்ந்துவிடுகிறான், பெட்டி எம்மாத்திரம்? சாஃப்ட்வேர் நகராது. ஆனால் நகராவிட்டால் உயிர் இல்லை என்று, வேண்டுமென்றே கொஞ்சம் தடுமாறும்படி சிலர் புரோகிராம் எழுதுகிறார்கள். தப்பு செய்யக் கற்றுக் கொடுப்பதற்கு இவ்வளவு கஷ்டம்! எங்கள் ஆபீஸுக்கு வந்தால் ஓசியிலேயே கற்றுக்கொள்ளலாம்.

*

முதல் மாதம் வெறும் கொள்ளை. கிடைத்ததையெல்லாம் அலமாரியில் ஏற்றினான். நாற்பது மாட்யூல். லேப்டாப்பின் ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி கத்தியது. பாட்டைவிட ஃபேன்தான் சுருதி சுத்தமாக இருந்தது. நான் கட்டுரை எழுதுவது தடைப்பட்டது. (வாசகர்கள் சிலர் நன்றி தெரிவித்தார்கள்.)

இரண்டாம் மாதம்தான் விஷயம் நடந்தது.

நைட் ஷிப்டு முடிந்து வந்தவன், தூங்காமல் லேப்டாப் முன் உட்கார்ந்தான். "மாமா, எங்க கம்பெனி டிரான்ஸ்பார்மர் ம்ம்ம்னு பாடுதே, அது என்ன சுருதி தெரியுமா?"

தெரியாது. உங்களுக்கும் தெரிந்திருக்காது. நம் கரண்ட் ஐம்பது ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மரின் இரும்பு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை விம்மித் தணிகிறது. ஆக, விநாடிக்கு நூறு அதிர்வு. வெள்ளைக்காரர் பாஷையில் ஜி-க்குக் கொஞ்சம் மேலே. நம் பாஷையில் கீழ் ஸ்தாயி ஐந்து கட்டை, அதற்கு ஒரு பிசிறு மேலே. சிப்காட் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் ராத்திரி பகலாக அதே சுருதியில்தான் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கே தெரியாமல்.

ஆஸிலேட்டரைச் சரியாக நூறில் நிறுத்தினான். அதன் மேல் ஒரு பஞ்சமம். ஃபில்டரை அந்தக் கண்ணுக்குத் தெரியாத கை மெதுவாகத் திறந்து மூடியது. ஒரு மூலையில் கம்ப்ரஸர் தட்டுகிற மாதிரி ஒரு தாளம். ஹாலில் நைட் ஷிப்டு அப்படியே எழுந்து வந்து நின்றது. விடியற்காலை மூன்று மணி, டீ கேன், தூக்கம், சம்பளத் தேதி எல்லாம் அதில் இருந்தது. மிகைப்படுத்தவில்லை ஸார். அடுப்பில் தோசை கருகும் வாசனை வந்தது. என் மனைவி கரண்டியோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"நல்லாயிருக்கேடா. இன்னொரு தடவை போடு."

பையன் அதற்குள் புதுசு என்று கிளிக் செய்திருந்தான். சேமிக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்றான். அலமாரி காலி.

"நிஜப் பெட்டியிலயும் அப்படித்தான்க்கா. வயரைக் கழட்டினா போச்சு. அதுதான் அழகு."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கருகின தோசையை அவன் தட்டில் போட்டாள்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அன்று ராத்திரி அவனுக்கு அகமதாபாத் கதை சொன்னேன். 1969-ல் அங்கே தேசிய வடிவமைப்புக் கழகத்தில் டேவிட் ட்யூடர் என்ற அமெரிக்க இசைக்காரர் வந்து ஒரு மூக் மாடுலர் சிந்தசைஸரை நிறுவினார். மூக் தன் முதல் மாட்யூல்களைச் செய்தது 1964-ல். ஐந்தே வருஷத்தில் இந்தியாவுக்கு வந்துவிட்டது! பக்கவாஜ் வாசித்த கீதா சாராபாய், எஸ்.சி. சர்மா, ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா என்று விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர் அதில் வயர் போட்டார்கள். வயரைக் கழற்றினால் அந்த மூக்குக்கும் எதுவும் நினைவிருக்காது. ஆனால் பக்கத்தில் டேப் ஓடிக்கொண்டிருந்தது. கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் கிடந்த அந்த டேப்புகள், பால் பர்கஸ் என்பவர் முயற்சியில் 2023-ல் ஆல்பமாக வெளிவந்தன. அரை நூற்றாண்டு கழித்து நாம் கேட்கிறோம்.

"அன்னிக்கு அந்த மெஷினைத் தொட அகமதாபாத்ல அந்தக் கட்டடத்துக்குள்ள இருக்கணும். இன்னிக்கு கும்மிடிப்பூண்டி ஹால்ல பாயில உட்கார்ந்து தொடறே. நீயும் அந்த டேப் பட்டனை அமுக்கேன் மச்சான். அது ஓடினதாலதானே அவங்க நமக்குக் கிடைச்சாங்க?"

வெகுநேரம் பேசாமல் இருந்தான். மறுநாள் பார்த்தால் அலமாரியின் கடைசியில் ரெக்கார்டர் என்று ஒரு புது மாட்யூல். அதுவும் ஓசிதான்.

*

மூன்று மாதம் முடிந்தது. லிஸ்டை எடுத்து வைத்து உட்கார்ந்தோம். அலமாரியில் நாற்பது எட்டாகியிருந்தது. தினம் தொடுவது அந்த எட்டுதான். பழைய லிஸ்டில் இருந்த பதினொன்றில் இந்த எட்டுக்குள் வந்தது இரண்டே இரண்டு! அதாவது ரெண்டரை லட்சத்தில் முக்காலே மூணு வீசம், வேண்டாததற்குத் தவணை கட்டியிருப்பான். எனக்கு அந்தப் புத்தி பத்து வருஷத்துக்கு முன் வந்திருந்தால்!

"ஆனா ஒரே ஒரு குறை மாமா. மவுஸுக்கு ஒரு கைதான். நிஜப் பெட்டின்னா ஒரு கை சுருதியில, இன்னொரு கை ஃபில்டர்ல இருக்கும். இதுல ரெண்டு குமிழை ஒரே சமயத்துல திருப்ப முடியாது."

நியாயமான குறை. அந்தக் குறைக்கு மட்டும் கையெழுத்துப் போடலாமா என்று நான் பேனாவைத் தேடும்போது, அவன் பார்வை ஹால் மூலைக்குப் போனது. என் பார்வையும் போனது. இஸ்திரித் துணிகளை இறக்கி வைத்தான். கீபோர்டின் பின்பக்கம் தடவிப் பார்த்தான். யு.எஸ்.பி. ஓட்டை ஒன்று இருந்தது! செத்துப்போன எங்கள் பிரிண்டரின் கேபிள் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. வலது கைக்கு சுருதி. இடது கைக்கு ஓரத்தில் இருந்த சக்கரம், அதை ஃபில்டருக்குக் கொடுத்தான். மொத்தச் செலவு பூஜ்யம்.

பத்து வருஷம் கழித்து அந்தக் கீபோர்டு வாயைத் திறந்தது. முதல் சத்தம் நூறு ஹெர்ட்ஸ். ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. டிரான்ஸ்பார்மர் மறுபடி பாடியது. இந்தத் தடவை தோசை கருகவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தே கேட்டாள் அக்கா.

முடிந்ததும் தம்பி தலையைக் கோதிவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அதெல்லாம் சரி. இஸ்திரித் துணியை இனிமே எங்க வைக்கிறது?"

ஜாமீன் கையெழுத்திலிருந்து தப்பித்துவிட்டேன் ஸார். ஆனால் இந்தக் கட்டுரையை ஒரு காட்டன் புடவைக்கும் இரண்டு சட்டைக்கும் நடுவே, என் எழுதும் மேஜையில் மிச்சமிருக்கிற ஒரு சாண் இடத்தில்தான் எழுதி முடித்திருக்கிறேன்.